இவை சேர்ந்தால் மீட்டர் வராது

குடிநீர் மீட்டர்களைப் பழுதுபார்க்கும் அந்த அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக ஸ்டோர் பார்த்து வந்தவளை எல்லோரும் ஸ்டோரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் பெரியவர்களும் அப்படியே. அவளுடைய அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் இரும்பு அடுக்கு, அடுக்கெல்லாம் வாஷர், நடுவில் ஒரு மேஜை. எந்த அளவு வாஷர் எந்த டப்பாவில் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பாள். இத்தனை வருடத்தில் அவள் பொறுப்பில் இருந்த ஒரு ஆணிகூடக் காணாமல் போனதில்லை.

அப்படிப்பட்டவளுக்கும் ஒரே ஒரு மனிதரிடம் மட்டும் பயம். அவர் அலுவலகத் தலைவர். அவருக்கு ஏன் சார் என்று பெயர். எந்தக் காகிதம் அவர் கைக்குப் போனாலும் ஓரத்தில் சிவப்பு மையில் ‘ஏன்?’ என்று எழுதித் திருப்பி அனுப்புவார். இரண்டு டஜன் துடைப்பம் வேண்டும் என்று கேட்டால் ஏன். துடைப்பம் போதுமான அளவு இருக்கிறது என்று தெரிவித்தாலும் ஏன். விடுப்பு முடிந்து இன்று வேலைக்கு வந்துவிட்டேன் என்று ஒருவர் எழுதிக் கொடுத்ததற்கும் ஏன். அந்த மனிதர் அன்று முழுக்கப் பதில் யோசித்துவிட்டு, கடைசியில் இன்னொரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனார்.

ஏன் சார் ஓய்வு பெற இன்னும் மூன்று மாதம் இருந்தது. என்ன பரிசு கொடுப்பது என்று பணிமனையில் கூடிப் பேசினார்கள். கடிகாரம் வேண்டாம், சால்வை வேண்டாம், பேனாதான் பொருத்தம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது.

“கடையில வாங்கினா, ஏன் இந்தக் கடை, ஏன் இந்தக் கலர்னு கேப்பாரு,” என்றார் மெக்கானிக். அவர் எதை முடுக்கினாலும் ஒரு சுற்று கூடுதலாக முடுக்குவார். அவர் மூடிய தண்ணீர் பாட்டிலை வேறு யாரும் திறந்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால் அவருக்கு இறுக்கி என்று பெயர்.

“நாமளே செஞ்சு கொடுத்தா?” என்றாள் ஸ்டோரக்கா. “கையால செஞ்சதை ஏன்னு கேக்க முடியாதில்ல.”

அவளுக்கு இந்த யோசனை வீட்டிலிருந்து வந்தது. அவள் கணவர் பல் செட் செய்கிறவர். வீட்டு முன்னறையிலேயே பட்டறை. சோபாவுக்கு எதிரே அலமாரியில் முப்பது, நாற்பது வாய்கள் சிரித்துக்கொண்டிருக்கும். அன்று இரவு சாப்பிடும்போது அவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“பேனா கடையறதா? பல்லைவிடப் பெரிசுதானே,” என்று சொல்லிவிட்டு அவர் மோர் ஊற்றிக்கொண்டார். அவ்வளவுதான் அவருடைய ஆலோசனை. அவளுக்கு அதுவே பெரிய தைரியமாக இருந்தது.

பணிமனை மூலையில் ஒரு சின்ன லேத், அதாவது கடைசல் இயந்திரம், இருந்தது. வந்து பதினோரு வருடம் ஆகியும் மரப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை, ஏனென்றால் அதை வாங்கிய கோப்பில் இருந்த ‘ஏன்?’ ஒன்றுக்கு இன்னும் யாரும் பதில் எழுதவில்லை. ஸ்டோரக்கா அந்தக் கோப்பைத் தேடி எடுத்து, ‘தேவை கருதி’ என்று எழுதினாள். மறுநாளே ஒப்புதல் வந்துவிட்டது. பதினோரு வருடமாக யாராவது இந்த இரண்டு வார்த்தையை எழுதியிருக்கலாமே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

லேத் வந்தால் போதாது. பேனா கடைய அதற்கென்று சாமான்கள் வேண்டும். அதையெல்லாம் சொந்தமாக வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றால் அதற்கும் தடை இருந்தது. அலுவலக இயந்திரத்தில் சொந்தப் பொருள் எதையும் பொருத்தக் கூடாது என்று ஏன் சார் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார். பணிமனைச் சாணைக்கல்லில் யாரோ வீட்டு அரிவாள்மனையைத் தீட்டியதால் வந்த சுற்றறிக்கை அது. அந்த யாரோ ஸ்டோரக்காதான்.

ஆக, ஏன் சாருக்குத் தெரியாமல் செய்ய வேண்டிய பேனாவுக்கு, ஏன் சாரிடமே கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது.

அவள் ஒரு கோரிக்கை எழுதினாள். கடைசல் உளி மூன்று. ஏழு மில்லிமீட்டர் டிரில் பிட் ஒன்று. மாண்ட்ரல் ஒன்று. கட்டையின் இரு முனையிலும் வைக்கிற புஷ் வளையம் ஒரு செட். உப்புத்தாள், பசை. கிட் இரண்டு. கிட் என்றால் பேனாவின் உலோகப் பாகங்கள்: பித்தளைக் குழல், கிளிப், நுனி, ரீஃபில்லை வெளியே தள்ளும் திருகி. அதை விளக்காமல் வெறுமனே கிட் என்று விட்டுவிட்டாள். காரணம் என்ற இடத்தில், ‘மீட்டர்களின் உள் பாகங்களைச் சீரமைக்க’ என்று எழுதி, பிள்ளையைத் தேர்வுக்கு அனுப்புகிற தாயைப் போலக் கோப்பை அனுப்பிவைத்தாள்.

இரண்டு நாளில் திரும்பி வந்தது. ‘மாண்ட்ரல் என்றால் என்ன? ஏன்?’

‘கட்டையைக் கோத்து, லேத்தில் சுழல வைக்கும் கம்பி’ என்று உள்ளதை உள்ளபடி எழுதினாள்.

அடுத்த வாரம் திரும்பி வந்தது. ‘மீட்டருக்குள் கட்டை எங்கே இருக்கிறது?’

இறுக்கி அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “கட்டைன்னு ஏன்க்கா எழுதினீங்க? உருளைன்னு எழுதியிருக்கலாம்ல.”

“எழுதிட்டேன். இனி உருளைன்னாலும் விட மாட்டாரு.”

பழைய பாணி மீட்டர்கள் சிலவற்றில் மரப் பாகங்கள் இருந்திருக்கக் கூடும் என்று அவள் மழுப்பி எழுதினாள். அதற்குப் பதில் வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் ஏன் சார் மதியம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது மூக்குக் கண்ணாடிக்குக் கீழே கண் சிவந்திருந்தது. கோப்பில் சிவப்பு மையில் ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தார். முதல் வரி இது:

‘கேட்கப்பட்டுள்ள பொருள்களைப் பரிசீலித்தேன். இவை எல்லாம் சேர்ந்தால் பேனா வருகிறது. மீட்டர் வராது. ஏன்?’

ஸ்டோரக்கா அன்று மதியம் சாப்பிடவில்லை. குட்டு உடைந்தது என்று நினைத்தாள். வீட்டில் கணவர் ஒரு கீழ்த்தாடையை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

“உங்க ஆபீஸ்ல வீடு வீடாப் போயி மீட்டர் பாக்கறவங்க எத்தனை பேரு?”

“நாப்பது பேரு.”

“அவங்க எதால எழுதறாங்க?”

அவள் அவரை அப்படியே பார்த்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அந்த மனிதர் இவ்வளவு அழகாக இருந்ததாக அவளுக்கு நினைவில்லை.

மறுநாள் எழுதினாள்: ‘மீட்டர் அளவு எடுக்கும் நாற்பது பேருக்கும் தரமான பேனா வழங்கும் திட்டத்துக்கு முதலில் ஒரு மாதிரிப் பேனா செய்து பார்க்க வேண்டியுள்ளது.’

இதற்கு மேல் கோப்பு நிற்கவே இல்லை. காலையில் போனால் மாலையில் வந்தது. ஆனால் வந்ததெல்லாம் புத்திமதி.

‘திட்டம் நல்லது. கோரப்பட்ட கிட் சரியில்லை. மெலிதான பேனாவுக்கு இரண்டு குழல், இரண்டு கட்டை, இரட்டை வேலை. தொடக்கநிலையாளருக்கு ஒரே குழல் உள்ள தடித்த கிட்டே ஏற்றது.’

அவள் கிட்டை மாற்றி அனுப்பினாள்.

‘கிட் மாறினால் குழலின் அளவு மாறும். குழல் மாறினால் டிரில் பிட் மாறும், புஷ்ஷும் மாறும். பழைய ஏழு மில்லிமீட்டரையே விட்டுவைத்திருக்கிறீர்கள். ஏன்?’

அவள் கிட் விற்கிறவர்களின் விலைப்பட்டியலைப் பார்த்து பிட்டை மாற்றினாள், புஷ்ஷை மாற்றினாள்.

‘சாய்வு உளி தொடக்கநிலையாளரின் கையில் கட்டையைக் கடித்துவிடும். தேய்ந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ளும் கடின உலோக முனை வைத்த உளி ஒன்று போதும். தீட்டும் வேலை மிச்சம். சாணைக்கல்லின் பக்கமே யாரும் போக வேண்டியதில்லை.’

கடைசி வாக்கியத்தைப் படித்தபோது ஸ்டோரக்காவுக்குக் காது சூடாகிவிட்டது.

‘மேலும், கிட் இரண்டு கேட்டிருக்கிறீர்கள். முதன்முதலில் கடைகிறவர் ஐந்தைக் கெடுத்துவிட்டுத்தான் ஆறாவதைச் செய்வார் என்று படித்தேன். ஆறாகத் திருத்தவும். சிராய் கண்ணில் தெறிக்காமல் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கேட்கவில்லை. கண் இல்லாமல் பேனா எதற்கு?’

கடைசியாக ஒரு கேள்வி வந்தது. ‘பேனாவின் தடிமன் கையைப் பொறுத்தது. யாருடைய கைக்கு?’

இதற்கு எழுத்தில் பதில் இல்லை. அவள் வெர்னியர் அளவுகோலை எடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனாள்.

“சார், உங்க கை கொஞ்சம் வேணும்.”

“ஏன்?”

“மாதிரிக்கு ஒரு சராசரிக் கை வேணும் சார்.”

ஏன் சார் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என் கை சராசரியா?”

“சராசரிக்குக் கொஞ்சம் மேல சார்.”

அவர் கையை நீட்டினார். அவள் கட்டைவிரலை அளந்தாள், ஆள்காட்டி விரலை அளந்தாள், இரண்டும் சேர்ந்து பேனா பிடிக்கிற இடைவெளியை அளந்தாள். நடுவிரலின் பக்கவாட்டில் சிவப்பு மை ஊறி ஊறி ஒரு காய்ப்பு இருந்தது. பத்தொன்பது வருடமாக அந்தக் கையெழுத்தைப் பார்த்து நடுங்கியவள், கையை அன்றுதான் பார்த்தாள்.

“பத்தரை மில்லிமீட்டர்,” என்றாள்.

“பன்னிரண்டு வையுங்க,” என்றார் ஏன் சார். “மெலிசாப் பிடிச்சா சாயங்காலம் வலிக்குது.”

சாமான்கள் வந்து சேர்ந்தன. இறுக்கி லேத்தைத் துடைத்து, எண்ணெய் போட்டு ஓட்டினார். முதல் கட்டைக்குப் பழைய கதவு நிலையிலிருந்து ஒரு துண்டு அறுத்தார்கள். அது மழையில் ஊறிக் கிடந்த மரம். துளை போட்டுக் குழலை உள்ளே தட்டியதும் நெடுகப் பிளந்து, குழலையும் நசுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது கட்டைக்குக் காய்ந்த மரம் கிடைத்தது. துளை அழகாக வந்தது. பித்தளைக் குழலுக்குப் பசை தடவி உள்ளே தள்ளினார்கள். பாதியில் இறுக்கிக்குத் தும்மல் வந்தது. தும்மி முடிப்பதற்குள் பசை காய்ந்துவிட்டது. குழல் பாதி உள்ளே, பாதி வெளியே, வாயிலிருந்து எட்டிப் பார்க்கிற நாக்கு மாதிரி நின்றது.

மூன்றாவது எல்லாம் சரியாகப் போனது. கட்டையை மாண்ட்ரலில் கோத்து, இரண்டு பக்கமும் புஷ் வைத்து, கடைசியில் இறுக்கி நட்டைப் போட்டு முடுக்கினார்.

“போதும்,” என்றாள் ஸ்டோரக்கா.

“இன்னும் ஒரு சுத்து,” என்றார் இறுக்கி.

கடைந்து முடித்துக் கையில் எடுத்தபோது பேனா உருண்டையாக இல்லை. ஒரு பக்கம் தடித்து மறு பக்கம் மெலிந்து முட்டை மாதிரி இருந்தது. மாண்ட்ரல் வில்லாக வளைந்திருந்தது. புது மாண்ட்ரலுக்காக அவள் பயந்துகொண்டே கோப்பு அனுப்பினாள். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: ‘வளையும் என்று தெரியும். நட்டு விரலால் முடுக்கும் அளவே போதும். கூடுதலாக ஒரு மாண்ட்ரலை முதல் கோரிக்கையிலேயே நானே சேர்த்துவிட்டேன். கீழ் அடுக்கில் பார்க்கவும்.’

பார்த்தாள். இருந்தது. தன் ஸ்டோரில் தனக்குத் தெரியாமல் ஒரு பொருள் இருந்ததை அவளால் மூன்று நாள் ஜீரணிக்க முடியவில்லை.

நான்காவது கட்டையை உளி கவ்வியது. கட்டை பறந்து போய் ‘அமைதி காக்கவும்’ என்ற பலகையில் அடித்து, பலகை கீழே விழுந்து பெருஞ்சத்தம் போட்டது. ஐந்தாவது அசல் பேனாவாகவே வந்துவிட்டது. வழவழவென்று தேய்த்து, மெருகு போட்டு, பாகங்களை வைத்து அழுத்தும்போது இறுக்கி நுனியை மேலேயும் கிளிப்பைக் கீழேயும் வைத்து, பெரிய இடுக்கிப் பொறியில் மாட்டி அழுத்திவிட்டார். இனி அதை ஆண்டவனே வந்தாலும் பிரிக்க முடியாது. அந்தப் பேனாவால் எழுத வேண்டுமானால் எழுதுகிறவர் தலைகீழாக நிற்க வேண்டும்.

ஒரு கிட் மிச்சம். பதினோரு நாள் மிச்சம்.

“மரமே வேண்டாம்,” என்று அன்று கணவர் சொன்னார். “மரம் நனையும், பிளக்கும், முடிச்சு இருக்கும். என்கிட்ட இருக்கிற பொருள் எந்த வாய்க்குள்ள போட்டாலும் இருபது வருஷம் உழைக்கும்.” பல் செட்டின் ஈறுக்குப் போடுகிற பிளாஸ்டிக்கை அச்சில் ஊற்றி ஒரு கட்டை வார்த்துக் கொடுத்தார். நூல்போல மெல்லிய சிவப்பு நரம்புகள்கூட உள்ளே ஓடின. தொட்டால் யாரோ வாயைத் திறந்து காட்டுகிற மாதிரி இருந்தது. ஸ்டோரக்கா அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போனாள். துளை போட்டு, குழலை ஒட்டிய பிறகு யாருக்கும் அதை லேத்தில் ஏற்றத் துணிச்சல் வரவில்லை. இறுக்கி முதல்முறையாக, “நான் தொடல,” என்றார்.

அந்த நேரத்தில்தான் ஏன் சாரின் மனைவி வந்தார். கணக்கு டீச்சர். துணிப்பையிலிருந்து ஒரு நாற்காலிக் காலை எடுத்து ஸ்டோரக்காவின் மேஜைமேல் வைத்தார். அதன் அடிப்பக்கத்தில் நேராக, அழகாக, பத்தங்குல ஆழத்துக்கு ஒரு துளை இருந்தது.

“என்னம்மா நடக்குது உங்க ஆபீஸ்ல?” என்று கேட்டார். “ரெண்டு மாசமா மனுசன் புத்தகமும் கையுமா இருக்கிறார். உளி வாங்கியாச்சு. எங்கிட்ட காட்டாம துண்டுல சுத்தி அலமாரில வெச்சிருக்கிறார். வீட்ல லேத் இல்ல. அதனால துளை மட்டும் போடறார். நாற்காலி மூணு காலோட நிக்குது. நாலாவதுக்குப் பதிலா பழைய டைரி அடுக்கி உக்காந்து சாப்பிடறார். நேத்து என் மர அளவுகோல உத்து உத்துப் பாத்தார்.”

“கண்டிச்சுப் பாத்தீங்களாம்மா?”

“ஏன்னு கேட்டேன். முகம் செத்துப்போச்சு. அதுக்கு மேல கேக்க எனக்கே மனசு வரல.” நாற்காலிக் காலைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். “ஒரு தடவை உங்க மெஷின்ல ஓட்ட விடுங்க. இல்லன்னா கட்டில் போயிடும்.”

அவர் போன பிறகு ஸ்டோரக்கா பேனாக் கோப்பை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். பரிசு வாங்க வேண்டியவரே பரிசைச் செய்வது எந்த ஊர் நியாயம் என்று ஒரு பக்கம் தோன்றியது. அந்த அலுவலகத்திலேயே பேனா கடையத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று மறுபக்கம் தோன்றியது. மறுநாள் ஒரு குறிப்பு அனுப்பினாள்: ‘பொறுப்பை ஒப்படைக்கும் முன் கடைசல் இயந்திரத்தைத் தாங்கள் நேரில் இயக்கிப் பார்த்துச் சான்றளிக்க வேண்டுகிறேன்.’ அப்படி ஒரு விதி கிடையாது. ஓரத்தில் ‘சரி’ என்று மட்டும் எழுதி வந்தது. அந்த அலுவலகத்தில் அந்தச் சொல்லை அந்த மையில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

ஏன் சார் பிற்பகல் மூன்று மணிக்கு வந்தார். பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தார். முழுக்கைச் சட்டையை முழங்கைவரை மடித்து, கழுத்து டையைச் சட்டைக்குள் செருகியிருந்தார். கக்கத்தில் ஒரு துண்டுச் சுருள்.

“சொந்த உளி,” என்றார். “இயந்திரத்துல பொருத்தல, கையிலதான் பிடிக்கப்போறேன். சுற்றறிக்கை கைக்குப் பொருந்தாது.”

கட்டையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். “என்ன நிறம் இது?”

“ஈறு நிறம் சார்,” என்றாள்.

“யாரோட ஈறு?”

“மூணாம் நம்பர். பொதுவா எல்லாருக்கும் ஒத்துப்போறதுன்னு வீட்டுக்காரர் சொன்னாரு.”

அவர் தலையாட்டினார். நட்டை விரலால் முடுக்கினார். இறுக்கியின் கை தன்னால் முன்னே போனது. ஸ்டோரக்கா அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள். லேத் சுழன்றது. உளியைத் தாங்கியில் ஊன்றி, சுவாசத்தை அடக்கி, அவர் மெல்லத் தொட்டார். இளஞ்சிவப்பு நூல் சுருள் சுருளாகக் கிளம்பி அவர் கையிலும் சட்டையிலும் விழுந்தது. மூலைகள் உதிர்ந்து கட்டை உருண்டையானது. நடுவில் ஒரு மெல்லிய வயிறு வைத்தார். நிறுத்தினார், பார்த்தார், மறுபடி ஓட்டினார். ஐந்து பேனாவைக் கெடுக்காமல் கடையக் கற்றுக்கொண்ட முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும். அவருக்குப் பதிலாக மற்றவர்கள் கெடுத்துவிட்டிருந்தார்கள்.

ஐந்து மணி ஆனதை அவர் கவனிக்கவில்லை. கேள்வியும் கேட்கவில்லை. உப்புத்தாள் முடிந்து மெருகு ஏறியபோது அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணி, நுனி நாக்கு வெளியே தெரிந்தது. இவருக்கும் ஒரு காலத்தில் ஏழு வயது இருந்திருக்கும் என்று ஸ்டோரக்காவுக்குத் தோன்றியது. அதற்கு முன் அப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை.

பாகங்களை அழுத்திப் பேனாவை முடித்ததும், அதைத் தாள்மேல் வைத்து ஒரு கோடு இழுத்தார். “மாதிரிப் பேனா ஒண்ணுன்னு இருப்புல ஏத்திக்குங்க,” என்று சொல்லிவிட்டு, சட்டையிலிருந்த சுருள்களைத் தட்டாமலே நடந்து போனார்.

அவள் இருப்புப் பதிவேட்டில் ஏற்றினாள். அதே கையோடு பேனாவை எடுத்து வெல்வெட் பெட்டியில் போட்டு, காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டினாள். இதில் ஒரு சங்கடம் இருப்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. ஓய்வுக்கு இரண்டு நாள் முன்னால் ஏன் சார் ஸ்டோரைச் சரிபார்க்க வந்தார். வாஷர் சரி. வால்வு சரி. மாண்ட்ரல், வளைந்தது ஒன்று, நேரானது ஒன்று, சரி.

“மாதிரிப் பேனா?”

பரிசுப் பெட்டியை இப்போது அவளால் காட்ட முடியாது. “காணோம் சார்.”

அவர் பதிவேட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். யாரோ அவர் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன மாதிரி நின்றார். மறுநாள் காலை அவளிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. பத்தொன்பது வருடத்தில் முதன்முறையாக ஒரு பொருள் காணவில்லை, இதற்கான காரணத்தை நாளை மாலை ஐந்து மணிக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பிரிவு உபசார விழாவும் நாளை மாலை ஐந்து மணிக்குத்தான்.

அவள் வீட்டுக்குப் போய் அழுதாள். “இன்னும் ஒரு நாள்தானே,” என்றார் கணவர். அவளுக்குத் தெரியும். ஆனாலும் தன் பெயருக்கு எதிரே ‘காணவில்லை’ என்ற வார்த்தையைப் பார்த்தது பல்வலி மாதிரி விட்டு விட்டு வலித்தது.

விழா பணிமனையிலேயே நடந்தது. மீட்டர் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். முன் வரிசையில் ஏன் சாரின் மனைவி உட்கார்ந்திருந்தார். மூன்று பேர் பேசினார்கள். மூவரும் அவர் நேர்மையை மட்டும் பேசினார்கள். பிறகு ஸ்டோரக்கா பெட்டியைக் கொடுத்தாள். அவர் ரிப்பனை அவிழ்த்து, காகிதத்தைக் கிழிக்காமல் மடித்து வைத்து, பெட்டியைத் திறந்தார்.

உள்ளே அந்த ஈறு நிறப் பேனா.

அவர் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். “இது இருப்புல இருக்கிற பொருள்.”

“ஆமா சார்,” என்றாள் ஸ்டோரக்கா. “உங்களுக்குன்னுதான் ஆரம்பத்திலேர்ந்து. கோப்பு முழுக்க உங்களுக்குத்தான். எங்களுக்குக் கடையத் தெரியல.”

“மீட்டர் பாக்கறவங்களுக்குன்னு எழுதினீங்களே.”

“பொய் சார்.”

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஏன் சார் பெட்டியை மூடி அவளிடம் நீட்டினார். “அலுவலகச் சொத்த ஒரு அதிகாரி பரிசா வாங்க முடியாது.” “வாங்கணும்னு ஆசைதான். முடியாது.”

அப்போது முன் வரிசையிலிருந்து கணக்கு டீச்சர் வாயைத் திறந்தார். “வாங்கிக்குங்க. மணி அஞ்சே முக்கால். அஞ்சு மணியோட நீங்க அதிகாரி இல்ல.”

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். விதிப்படி அது சரிதான் என்பது அவர் முகத்தில் ஒவ்வொரு அடியாக இறங்கியது. பெட்டியைத் திரும்ப வாங்கிப் பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். இறுக்கி மூடி வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை யாரோ நீட்ட, அவர் அதைத் திறக்கப் பார்த்தார், முடியவில்லை, இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். கண்ணைத் துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் புதிதாக வந்த அதிகாரி எதையும் படிக்காமல் விடாத பெண். முதல் வாரமே அந்தக் கோப்பை எடுத்து, ஆரம்பத்திலிருந்து முடிவுவரை படித்து, ஸ்டோரக்காவைக் கூப்பிட்டார்.

“நல்ல திட்டம். நாற்பது பேருக்குப் பேனான்னு அனுமதி ஆகியிருக்கு. மாதிரி காணோம்னு பதிவாகியிருக்கு. இன்னொண்ணு செய்யலையா?”

ஸ்டோரக்காவுக்கு உண்மையைச் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. சொன்னால் விளக்கம் கேட்டு இன்னொரு கடிதம் வரும். “ஆள் பாத்துக்கிட்டிருக்கோம் மேடம்,” என்றாள்.

“கடையத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா தற்காலிகமாப் போட்டுக்கலாம்.”

“ஒருத்தர் இருக்கிறார் மேடம். அனுபவம் ஒரே ஒரு பேனாதான்.”

அடுத்த திங்கட்கிழமை ஏன் சாரே வந்துவிட்டார். வாரத்தில் மூன்று நாள் வேலை. வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஸ்டோரக்காவின் அறை வாசலில் நின்று உப்புத்தாள் கேட்டார். எத்தனை என்று அவள் கேட்டாள். அவர் யோசித்து, “மூணு போதும்மா,” என்றார். அவள் நான்கு கொடுத்தாள். சார் என்று கூப்பிடுவதா வேண்டாமா என்று இருவருக்கும் சில நாள் தடுமாற்றம் இருந்தது, பிறகு அவரே அவளை ஸ்டோரக்கா என்று கூப்பிடத் தொடங்கியதும் அது தீர்ந்தது.

ஸ்டோரக்காவின் கணவர் வார்த்துக் கொடுத்த கட்டைகள் எல்லாம் அதே ஈறு நிறம்தான்; மீட்டர் பார்க்கிறவர்கள் முதலில் அந்தப் பேனாவைத் தொடவே கூசினார்கள். ஒருவர், இது பல் டாக்டரிடமிருந்து வந்த மாதிரி இருக்கிறதே என்றார். போகப் போக அதில் ஒரு நன்மையைக் கண்டுபிடித்தார்கள். எந்த வீட்டு வாசலில் மறந்து வைத்துவிட்டு வந்தாலும் வீட்டுக்காரர்கள் பின்னாலேயே ஓடி வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். எடுத்து வைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வரவில்லை.

பதினேழாவது பேனா நடந்துகொண்டிருந்த அன்று, ஸ்டோரக்கா சாவிக்கொத்தோடு பணிமனையைப் பூட்டப் போனாள். எல்லோரும் போயிருந்தார்கள். லேத் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் இளஞ்சிவப்புச் சுருள்.

“நேரம் ஆச்சு,” என்றாள்.

“தெரியுது,” என்றார் அவர். லேத்தை நிறுத்தி, கட்டையை அவள் பக்கம் திருப்பினார். “தொட்டுப் பாருங்க. மழுமழுன்னு இருக்கா?”

அவள் விரலை ஓட்டினாள். “இருக்கு.”

“நடுவுல?”

மறுபடி ஓட்டினாள். “நடுவுல லேசா ஏதோ தட்டுது.”

“எனக்கும் தட்டிச்சு. சொல்றீங்களான்னு பாத்தேன்,” என்று சொல்லி, புது உப்புத்தாளை மடித்துக் கிழித்தார். அவள் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, மீட்டர் பெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்தாள். லேத் மறுபடி சுழன்றது.